கட்டட நோட்டம்

நம் நாட்டில் சர்வேயர் என்ற சொல்லைக் கேட்ட அளவில் ஜனங்களின் மனக்கண்முன் தோன்றுபவர், சங்கிலியும் கொடியும் ஏந்திய ஆட்களுடன் வயல் வரப்பில் நடந்து, நிலத்தை அளந்து, எல்லைக்கல் நாட்டும் உத்தியோகஸ்தரே யாவர். அவர் நிலத்தை அளப்பவர். நிலத்தின்மேல் எழுந்து நிற்கும் கட்டடத்தை நோக்கி, இஃது எப்படிக் கட்டப்பட்டது, எவ்விடத்தில் தளர்ந்தது, அத்தளர்ச்சி நின்றுவிட்டதா அல்லது வளர்கின்றதா, இதன் சுவரில் யாருக்கு எவ்வளவு பாத்தியதை என்று சொல்லுபவர் மற்றொருவர். ஆங்கில நாட்டார் இவரையும் சர்வேயர் என்றே வழங்குவர். கட்டடச் சர்வேயர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நாணயத்தைத் தட்டி ஓசை கேட்டு நோட்டம் சொல்லும் நோட்டக்காரர் தொழிலோடு இவர் தொழில் மிகவும் ஒத்திருத்தலின், இக்கட்டுரைக்கு இப்பெயர் இடலாயிற்று.

இவ்விஷயத்தை நான் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் இளமையில் எங்கள் தெருவில் அடுத்தடுத்து வீடுடைய இருவர், இடையில் நின்ற ஒரு சுவரைக் குறித்து வழக்காடினர். சுவரின் கனம் ஒன்றரை அடி. வழக்கு நடந்ததோ பல ஆண்டு. தீர்ப்பு வருமுன் ஒரு மழைக்காலத்தில் அச்சுவர் தானே விழுந்துவிட்டது. சுவர் யாருடையது என்று ஆராய்ந்தவர் பலர்; சுவர் நிற்குமா என்று பார்த்தவர் ஒருவருமிலர். இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே ஆள் விடை சொல்லக்கூடும் என்பதை அந்நாளில் நான் அறியேன். பின்னர் இலண்டன் மாநகரத்தின் வரலாற்றைப் படிக்கும்போதுதான், அத்தகையார் பல நூற்றாண்டுகளாகவே ஆங்கு இருந்துவருகின்றனர் என்று தெரிந்துகொண்டேன்.

இலண்டனில் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அண்டை வீட்டாரின் சுவரைக் குறித்த ஒழுங்குமுறை எழுந்துவிட்டது. கல்லால் பொதுச்சுவர் எழுப்ப விரும்பும் இருவரும் தத்தம் நிலத்தில் ஒன்றரை அடி விடவேண்டும். சுவரின் கனம் 3 அடி. உயரம் 16 அடி என்பது அவ்வொழுங்கு. பின்னாளில் வழக்கு எழுந்தவிடத்துச் சென்று பார்த்துச் சொல்லுதற்கென்று கல்தச்சரும் மரத்தச்சருமாகச் சிலரைப் பிரமாணம் செய்வித்து நகரத்தார் நியமித்தனர். இவர்களுக்குப் 'பார்வையாளர்' என்பதே பெயர். கைத்தொழிலாளர் சொல்லை நகர மன்றம் கேட்டு நடந்தது என்பது கவனிக்கத் தக்கது. ஏட்டைக் கற்றவர் பலர் இருந்தும், சுவரைக் கற்றவரையே அழைத்தனர்.

நிற்க. இத்தொழிலின் நுட்பம் யாது என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன். 1666-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ஆம் தேதி, இலண்டனில் பழைய செயின்ட் பால் பேராலயத்தைப் பார்வையிடச் சிலர் கூடினர். அவ்வாலயம் பல நூற்றாண்டுகள் சென்றது. செப்பனிடலாமா, கூடாதா என்பது கேள்வி. வந்தவருள் கிறிஸ்டபர் ரென் என்பவர் அப்பொழுது முப்பத்துமூன்று வயதினர். ஆக்ஸ்போர்டில் வானநூற் பேராசிரியர். ஜான் ஈவ்லின் என்னும் அறிஞர் ஒருவர். ராஜர் பிராட் என்னும் கட்டடக்கலை வல்லுநர் ஒருவர். தாமஸ் சிச்சிலி என்னும் பிரபு ஒருவர். மற்றும் மேற்றிராணியாரும் பிறரும். தூக்குநூல் விட்டுப் பல இடங்களில் பார்த்தனர். சுவர்களும் தூண்களும் வெளிப்புறம் சாய்ந்திருந்தன. இதில் எவர்க்கும் ஐயமில்லை. நூல் பொய் சொல்லாது. ஆயின் பிராட்டும் சிச்சிலியும் சொன்னது யாதெனில், பார்வைக்கு அழகாகத் தோன்றும் பொருட்டுப் பண்டைச் சிற்பியர் வேண்டுமென்றே அங்ஙனம் கட்டினர் என்பது. ரென்னும் ஈவ்லினும் அதை ஒப்பவில்லை. கூரையின் பாரம் தாங்கமாட்டாமல் கட்டடம் விரிந்துகொடுத்தது என்பது அவர்கள் கருத்து. இச்செய்தியை ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கின்றார்.

அன்பர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திக்கவேண்டும். அளவு ஒன்று, அளந்தவர் எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு. அதன் பொருளோ இரண்டு. தூக்குநூல் விடுதல் கொத்தனிடம் ஒரு வாரம் பழகிய சிறுவனுக்கும் கைவரும். சாய்வைக் கண்டபின், இது பிறவியா நோயா என்று பகுத்தறிதலே சர்வேயரின் கலை. சுவர் முழுதும் ஒரே கோணத்தில் சாய்ந்து, கல்வரிசைகளின் சந்து ஒன்றுபோல் இருந்தால் அது கட்டியவன் செய்தது எனக் கருதலாம். வளைந்து, வயிறு தள்ளி, சந்துகள் ஒருபுறம் வாய்திறந்திருந்தால் அது பின்னால் வந்த கேடு.

ஆறு நாள் சென்று, செப்டம்பர் 2-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில் ரொட்டிக்கடை ஒன்றில் பற்றிய நெருப்பு நகரை விழுங்கியது. ஆலயமும் எரிந்தது. எனினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. எரிந்து நின்ற மேற்குப் பகுதியை ஒட்டுப்போட்டு வழிபாட்டுக்கு உதவச் செய்யலாம் என்று பணத்தைச் செலவிட்டு வேலை தொடங்கினர். அது நில்லாது என்று ரென் முன்னரே ஆலயத் தலைவரின் காதில் சொல்லியிருந்தார். 1668-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தென்பால் தூண் ஒன்று பேரோசையுடன் இடிந்து விழ, சொன்னது பலித்துவிட்டது என்று ஆலயத் தலைவர் ரென்னுக்குக் கடிதம் எழுதி வரவழைத்தார். விழுந்த தூண் புதுக்கல் போர்த்தது. போர்வை புதிது, உள்ளுடம்பு பழையது, இரண்டும் ஒன்றையொன்று பற்றவில்லை.

இனி, நெருப்புக்குப் பின் நகரத்தின் கதை. எரிந்த வீடுகள் சுமார் 13,200, கோயில்கள் 87, எரிந்த பரப்பு 436 ஏக்கர். ரென், ஈவ்லின் முதலியோர் நேரான பெருவீதிகளும் வட்டச் சதுக்கங்களும் அமைத்து, புதிய நகரம் ஒன்றைக் காகிதத்தில் வரைந்து அரசரிடம் கொடுத்தனர். காகிதத்தில் வரைவது எளிது; சாம்பலுக்கு அடியில் ஒவ்வொரு அடி நிலத்துக்கும் உடையவன் ஒருவன் இருந்தான். உடையவனுக்குக் கீழே குத்தகைக்காரன். அவனுக்குக் கீழே வாடகைக்காரன். ஆதலின் பழைய வீதிகளையே சிறிது அகலப்படுத்திக் கட்டுவதென்று தீர்மானமாயிற்று. ஜான் லீக் முதலிய அறுவர் அவ்வாண்டு டிசம்பரில் வீதிகளை அளந்து படம் ஆக்கினர். 1667-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது.

அச்சட்டத்தைப் படிப்போர் அதைச் செய்தவர்களின் நுண்ணறிவை மெச்சாமல் இரார். வீடுகள் நான்கு வகை. சந்துகளில் உள்ளது 2 அடுக்கு; பேர்பெற்ற தெருக்களிலும் ஆற்றங்கரையிலும் 3 அடுக்கு; பெருவீதியில் 4 அடுக்கு; தெருவை ஒட்டாமல் உள்ளே தள்ளியமைந்த செல்வர் மாளிகையும் 4 அடுக்குக்கு மேற்படலாகாது. வெளிச்சுவர் செங்கல்லாலோ கல்லாலோ ஆகவேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் உயரம் இத்தனை அடி, சுவர் இத்தனை செங்கல் கனம் என்று வரையறுத்தனர். மேல்மாடி தெருவின்மேல் நீண்டு வரக்கூடாது. பொதுச்சுவர் இருவர் நிலத்திலும் சரிபாதி நிற்கவேண்டும். முந்திக் கட்டுபவன் சுவரை முழுதும் எழுப்பி, அயலான் தன் வேலையைக் கோத்துக்கொள்ளுமாறு செங்கல்லைப் பல்விட்டு நிறுத்தவேண்டும். பிந்திக் கட்டுபவன் பாதிச் செலவை, கட்டிய நாள் முதல் நூற்றுக்கு 6 வட்டியுடன் கொடுத்த பின்னரே சுவரைத் தொடலாம். எங்கள் தெரு வழக்கை நினைத்துக்கொண்டு இப்பகுதியைப் படித்தபோது எனக்குப் பெருமூச்சு வந்தது.

இதை நடத்திவைக்கப் பிரமாணம் செய்த சர்வேயர்கள் வேண்டுமன்றோ? நகரத்தார் நால்வரைத் தேர்ந்தனர். பீட்டர் மில்ஸ் செங்கற் கொத்தர். நகரத்தின் கட்டடங்களில் நெடுங்காலம் உழைத்துத் தேர்ந்தவர். எட்வர்ட் ஜெர்மன் தச்சர். ஜான் ஆலிவர் பலகணிகளுக்குக் கண்ணாடி பதிக்கும் தொழிலில் வளர்ந்தவர். நான்காமவர் ராபர்ட் ஹூக். கிரெஷாம் கல்லூரியில் க்ஷேத்திர கணிதப் பேராசிரியர். உருப்பெருக்கிக் கண்ணாடியால் தெள்ளுப்பூச்சியின் உடலைப் பெரிதாகக் காட்டி, 1665-இல் நூல் வெளியிட்டுப் புகழ் பெற்றவர். செங்கற்சூளைப் புழுதியில் வளர்ந்தவரும் ராயல் சொஸைட்டியின் பரிசோதனைத் தலைவரும் ஒரே பிரமாணத்தைச் செய்து, ஒரே கூலிக்கு, ஒரே வேலையை ஏற்றனர். ஜெர்மன் இதில் இறங்காமல் தம் சொந்த வேலைகளுக்குப் போய்விட்டார். ஆலிவர் முதலில் தயங்கி 1668-இல்தான் வந்து சேர்ந்தார். ஆகவே முதலாண்டில் எரிந்த நகரம் முழுதும் மில்ஸ், ஹூக் என்னும் இருவர் தலையில் விழுந்தது. மில்ஸும் 1670-இல் காலமானார்.

1667 மார்ச்சு இறுதியில் வீதிகளுக்கு முளையடிக்கத் தொடங்கினர். முளையைப் பிடுங்கியவனுக்கு மூன்று மாதச் சிறை, அல்லது 10 பவுன் அபராதம். ஏழையாயின் அவ்விடத்திலேயே இரத்தம் வருமளவு கசையடி. ஒரே குற்றத்துக்குப் பணக்காரனுக்குப் பணமும் ஏழைக்குத் தோலும் விலையாயிருந்த காலம் அது. ஆயினும் ஒரு மரமுளையின்மேல் எவ்வளவு பாரம் தங்கியிருந்தது என்பதும் இதனால் விளங்கும்.

வீதி ஒழுங்கானபின் வீட்டு அஸ்திவாரம். வீடு கட்ட விரும்புவோன் முதலில் தன் மனையில் குவிந்த கரியையும் கல்லையும் அகற்றவேண்டும். பின்பு நகர மண்டபத்துக்குச் சென்று 6 ஷில்லிங் 8 பென்ஸ், அதாவது பவுனில் மூன்றிலொரு பங்கு, கட்டி ரசீது பெறவேண்டும். ரசீதைக் கண்ட சர்வேயர் வந்து, பழைய அஸ்திவாரத்தின் தடத்தைத் தேடி, அயலாரையும் விசாரித்து, நூல் பிடித்து முளை அடித்து, அளவைத் தம் புத்தகத்தில் படத்துடன் எழுதிக்கொள்வார். வீதியை அகலமாக்க நிலம் போயிருந்தால் அதன் நீள அகலத்தை அளந்து அத்தாட்சி கொடுப்பார். அதைக் காட்டி உடையவன் நஷ்டஈடு பெறுவான். அப்பணம் இலண்டனுக்கு வரும் நிலக்கரியின்மேல் விதித்த வரியிலிருந்து வந்தது. இவ்வாறு எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட அஸ்திவாரங்களுக்குப் பணம் கட்டப்பட்டது. அவற்றுள் சுமார் 3,000 ஹூக் ஒருவரே முளையடித்தவை என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர்.

முளையடிப்பது எளிய பகுதி. பழைய வீடுகள் ஒன்றனுள் ஒன்று பின்னிக் கிடந்தன. கீழே ஒருவன் கடை, அதன்மேல் அண்டை வீட்டானின் படுக்கை அறை, நிலவறை மூன்றாமவனுடையது. மரவீடு எரிந்துபோனால் ஆகாயத்தில் இருந்த அறைக்கு நிலம் எங்கே? செங்கற்சுவரோ அடியிலிருந்து முடிவரை நேராக எழவேண்டும். எனவே மேலே அறையை இழந்தவனுக்குத் தரையில் இவ்வளவு அடி என்று ஈடு கட்டவேண்டியிருந்தது. அயலான் பலகணி வெளிச்சத்தை மறைத்தல், மழைநீர் விழும் தாரை, கழிநீர்க் குழி, பொது வழி, ஒன்றா, இரண்டா? முறையீடு வந்தால் சர்வேயர் சென்று பார்த்து அறிக்கை எழுதுவர். நகர ஆட்சியாளர் அதைக்கொண்டு தீர்ப்பர். நில உடைமையாளருக்கும் குத்தகைக்காரருக்கும் இடையே, கட்டும் செலவு யாரைச் சேரும் என்னும் வழக்குகளுக்குத் தனி நியாயஸ்தலம் ஒன்று அமைந்தது. நீதிபதிகள் ஊதியமின்றி அமர்ந்து தீர்த்தனர். நன்றி மறவாத நகரத்தார் அவர்கள் உருவப்படங்களை எழுதுவித்து மண்டபத்தில் வைத்தனர். சர்வேயர்களுக்குப் படம் எழுதினாரில்லை. ஹூக்கின் முகம் எப்படியிருந்தது என்று காட்ட அவர் காலத்தில் எழுதிய, ஐயமற்ற படம் ஒன்றேனும் இன்று இல்லை.

அவர் 1703-இல் இறந்தபோது அறையில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தனர். எண்ணாயிரம் பவுனுக்கு மேல் பணம் இருந்தது. விவாகமாகாதவர், உடல் கூனியவர், உண்பதிலும் உடுப்பதிலும் சிக்கனமாயிருந்தவர். உலோபி என்று ஏசினாரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. காலையில் புழுதியில் முளையடித்து, மாலையில் சொஸைட்டியில் பரிசோதனை காட்டி, இரவில் வானம் பார்த்த மனிதருக்குச் செலவு செய்ய நேரம் ஏது?

ஹூக்கிடமிருந்து இத்தொழிலுக்குக் கிடைத்த மற்றொரு செல்வம் உண்டு. ஒரு வளைவு எந்த வடிவில் இருந்தால் உறுதியாக நிற்கும் என்பதற்கு அவர் விடை கண்டு, 1675-இல் வெளியான தம் நூலொன்றின் இறுதியில் எழுத்துக்களைக் கலைத்து விடுகதைபோல் அச்சிட்டார். அதன் பொருள் அவர் இறந்தபின் வெளியாயிற்று. இரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி எவ்வடிவில் தொங்குகின்றதோ, அதனைத் தலைகீழாக்கினால் அதுவே கல்வளைவு நிற்கவேண்டிய வடிவம் என்பதாம்.

இக்கருத்து ரோமாபுரியில் ஒரு கும்மட்டத்தைச் சோதிக்கப் பயன்பட்டது. அங்குள்ள செயின்ட் பீட்டர் ஆலயத்தின் பெருங்கும்மட்டம் 1590-இல் முடிந்தது. உள் விட்டம் ஏறக்குறைய 140 அடி. 18-ஆம் நூற்றாண்டில் அதில் மேலிருந்து கீழாகப் பல வெடிப்புகள் கண்டன. ஊரெங்கும் பீதி. போப்பரசர் 14-ஆம் பெனடிக்ட், மூன்று கணித வல்லுநரை அனுப்பினார். அவர்கள் வெடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி, அகலம் அளந்து, அடிப்பகுதி வெளியே தள்ளப்படுகின்றது என்று அறிக்கை எழுதினர். கணக்கில்லாமல் எழுந்த கும்மட்டத்தைச் செப்பனிட மட்டும் கணக்கர் எதற்கு என்று எள்ளினாரும் இருந்தனர். பின்னர்ப் பாதுவா நகரத்துப் பேராசிரியர் ஜியோவன்னி போலெனி அழைக்கப்பட்டார். அவர் கும்மட்டத்தைக் கிச்சிலிப்பழச் சுளைபோல் 50 கூறுகளாகக் கருதி, ஒரு சுளையின் பல பகுதிகளின் எடைக்குத் தக்க 32 குண்டுகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டார். நூல் காட்டிய வளைவைத் தலைகீழாக்கிப் படத்தில் வைத்துப் பார்த்தார். அது கும்மட்டத்துக் கல்லின் கனத்துக்குள்ளேயே அடங்கியது. வெடிப்புகளால் கும்மட்டம் விழாது. எனினும் அடி விரியாமல் இரும்பு வளையங்கள் பூட்டுதல் நன்று என்பது அவர் முடிவு. லூயிஜி வான்விதெல்லி என்னும் சிற்பி ஐந்து வளையங்கள் பூட்டினார். பழைய வளையம் ஒன்று உள்ளே அறுந்திருப்பது தெரியவர, 1748-இல் ஆறாவதும் ஏறியது.

வெடிப்பைக் கண்டு அஞ்சுவது எல்லாருக்கும் இயல்பு. நம் வீடுகளில் சாந்து பூசி மறைத்துவிட்டு நிம்மதியடைகின்றோம். சர்வேயர் பூசமாட்டார், பூச விடவும் மாட்டார். ரோமாபுரியில் வெடிப்பின் குறுக்கே சலவைக்கல் துண்டுகளைப் புறாவால் வடிவில் பதித்துவைத்தனர். கல் உடைந்தால் கட்டடம் இன்னும் அசைகின்றது. உடையாதிருந்தால் அசைவு நின்றது. பிற்காலத்தார் கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதுவர். வெடிப்பின் உள்விளிம்பில் அழுக்கும் ஒட்டடையும் படிந்திருந்தால் பழையது. நிறம் வெளுத்துக் கூர்மையாக இருந்தால் புதியது. மேலே அகன்று கீழே குறுகினால் சுவரின் ஓரம் இறங்கியிருக்கலாம்; கீழே அகன்றால் நடு இறங்கியிருக்கலாம். கோடைக்கும் மாரிக்கும் களிமண் சுருங்கி விரியும் ஊரில் ஓராண்டு முழுதும் பாராமல் தீர்ப்புச் சொல்லலாகாது. வீட்டுக்காரருக்கு இந்தப் பொறுமை இருப்பதில்லை.

பின்வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1774-ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டன் வீடுகளை ஏழு தரமாக்கி, வட்டாரந்தோறும் சர்வேயரை நியமித்தது. கட்டுபவனிடம் கூலி வாங்கினாலும் அவன் சொல்லுக்கு அடங்காத இவ்வட்டாரச் சர்வேயர் முறை 1986 வரை அந்நகரில் நின்று, பின்னர் நீங்கிற்று. 1868-இல் 49 பேர் கூடிச் சர்வேயர் சங்கம் கண்டனர்; 1881-இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டம், இலண்டனின் பழைய வழக்கத்தை இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் பரப்பியது. அதன்படி சுவர்த் தகராறில் அண்டையார் இருவரும் ஒரே சர்வேயரை ஒப்புக்கொள்ளலாம். அன்றேல் ஆளுக்கு ஒருவரை வைத்துக்கொள்ள, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவர் ஒருவரை முதலிலேயே தேர்ந்து வைப்பர். சண்டை மூளுமுன் நடுவர் பெயர் எழுதியாயிற்று. வேலை தொடங்குமுன் அயல்வீட்டுச் சுவரில் இருக்கும் வெடிப்புகளையெல்லாம் எழுதிக்கொள்வது சர்வேயர்களின் வழக்கம். பின்னால், இது உன் வேலையால் வந்தது, இல்லை முன்பே இருந்தது என்ற வாய்ச்சண்டைக்கு இடமிராது.

இத்தனை இருந்தும் பார்க்கத் தவறிய இடத்தில் உயிர்ப்பலி நேர்ந்தது. 1968-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி, கிழக்கு இலண்டனில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 அடுக்கு வீட்டின் 18-ஆம் அடுக்கில் சமையல் வாயு வெடித்து, ஒரு மூலை முழுதும் சீட்டுக்கட்டுபோல் சரிந்தது. நால்வர் மாண்டனர். ஜனங்கள் குடியேறி இரண்டு மாதமே ஆகியிருந்தது. தொழிற்சாலையில் வார்த்த பலகைச் சுவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டடம் அது. சரிந்த மூலையைச் செப்பனிட்டு மறுபடி ஜனங்களைக் குடியேற்றினர். 1986-இல் அதனைப் பிரித்து இறக்கியபோது, சாந்து நிறைந்திருக்கவேண்டிய இணைப்புகள் பலவற்றில் வெறும் பொந்தும் குப்பையும் இருக்கக் கண்டனர். செயின்ட் பால் ஆலயத்தில் 1668-இல் விழுந்த தூணுக்கும் இதற்கும் இடையே முந்நூறு ஆண்டுகள்.

மில்ஸும் ஆலிவரும் முளையடித்த இடங்களைக் குறித்த புத்தகங்கள் இலண்டன் நகர ஆவணச்சாலையில் இன்றும் உள்ளன. பக்கந்தோறும் ஒரு மனையின் வரைபடம், உடையவன் பெயர், அடியும் அங்குலமும், தேதி. ஹூக்கின் புத்தகங்கள் காணாமற்போயின. அவர் வழக்குகளைப் பார்த்து எழுதிய அறிக்கைகள் மட்டும் நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. அவற்றுட் பல, இன்னார் சுவர் இன்னார் நிலத்தில் இத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்ற இரண்டொரு வாக்கியங்களே.